சின்னப் பொருள், பெரிய பொறுப்பு: தொழிற்சாலைப் பொருள் விற்பனையாளரின் வேலை

தொழிற்சாலை ஒன்றில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பம்பு நின்றுவிடுகிறது. பழுதானது ஒரு சிறிய பேரிங். விலை சில பத்து வெள்ளிதான். ஆனால் அது ஸ்டோரில் இல்லை. பம்பு ஓடாததால் உற்பத்தி நிற்கிறது. இரவு முறை ஊழியர்கள் வேலையின்றி உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் கப்பலேற வேண்டிய சரக்கு தாமதமாகிறது. சில பத்து வெள்ளிப் பொருள் கைவசம் இல்லாததால் ஏற்படும் நட்டம் பல்லாயிரம் வெள்ளியாகிவிடுகிறது. தொழிற்சாலைப் பொருள்களை விற்கும் தொழில் முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

விற்பனை வேலை என்றதும் பெற்றோர் பலருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டும் காட்சிதான் கண்முன் வருகிறது. “படித்த படிப்புக்கு இதுவா வேலை?” என்று கேட்டு விடுகிறார்கள். ஆனால் ஜூரோங்கிலும் ஷா ஆலமிலும் பாசிர் கூடாங்கிலும் பாயான் லெப்பாசிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குள் தினமும் போய் வரும் விற்பனையாளரின் வேலை வேறு வகையானது. அவர் வாங்க மனமில்லாதவரிடம் பேசிப் பேசிப் பொருளைத் தள்ளிவிடுபவர் அல்லர். வாங்கியே ஆகவேண்டியவருக்கு எது சரியான பொருள் என்று சொல்ல வேண்டியவர்.

எதையெல்லாம் விற்கிறார்கள்?

ஒரு தொழிற்சாலை வாங்கும் பொருள்கள் இரண்டு வகை. ஒன்று, உற்பத்திக்கான மூலப்பொருள். மற்றொன்று, உற்பத்தி தடையின்றி நடப்பதற்கான பொருள். போல்ட், நட், பேரிங், பெல்ட், வால்வு, மோட்டார், துளையிடும் பிட், கிரீஸ், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, துடைக்கும் துணி, மின்விளக்கு எனப் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் அன்றாட இயக்கத்துக்கும் தேவைப்படும் இவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. தனித்தனியாகப் பார்த்தால் மலிவானவை. வகைகளோ லட்சக்கணக்கில் உள்ளன. எந்தத் தொழிற்சாலையும் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பவே பெரிய விநியோக நிறுவனங்கள் தோன்றின.

1927இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வில்லியம் கிரெய்ஞ்சர் என்பவர் மின் மோட்டார்களை விற்கத் தொடங்கினார். தொழிற்சாலைகள் மின் மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பொருள் பட்டியலை அச்சிட்டு அனுப்பி, அஞ்சல் வழி வரும் ஆணைகளை நிறைவேற்றினார். 1937இல் லண்டனில் வானொலிப் பெட்டிகளுக்கான உதிரிப் பாகங்களை விற்க ‘ரேடியோஸ்பேர்ஸ்’ தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய ஆர்எஸ் நிறுவனம். 1945இல் ஜெர்மனியின் குன்செல்சாவ் என்ற சிற்றூரில் அடால்ஃப் வூர்த் திருகாணி வியாபாரத்தைத் தொடங்கினார். 1954இல் அவர் இறந்தபோது மகன் ரைன்ஹோல்டுக்கு 19 வயது. தந்தையின் சிறு கடையை ஏற்று நடத்திய அந்த இளைஞர், அதை உலகெங்கும் கிளைகள் கொண்ட குழுமமாக வளர்த்தார். இன்று அக்குழுமத்தின் எண்பதாயிரத்துக்கும் அதிகமான ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் விற்பனைப் பணியில் இருப்பவர்கள். இயந்திரங்களும் இணையமும் பெருகிவிட்ட பின்னும், திருகாணி விற்கும் ஒரு நிறுவனம் இத்தனை மனிதர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு நாள் வேலை

பெரிய நிறுவனங்களில் விற்பனைப் பணி பொதுவாக இரண்டாகப் பிரிந்திருக்கும். அலுவலகத்தில் இருந்தபடி தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, விலைக் குறிப்பு தயாரிப்பவர்கள் ஒரு பிரிவினர். வாடிக்கையாளரின் இடத்துக்கே சென்று வருபவர்கள் மறு பிரிவினர்.

வெளியே செல்பவரின் நாள் பெரும்பாலும் பாக்கி வேலையோடுதான் தொடங்கும். நேற்றுக் கொடுத்த விலைக் குறிப்புக்குப் பதில் வந்ததா, வரவேண்டிய சரக்கு கிடங்குக்கு வந்து சேர்ந்ததா, கடன் தவணை முடிந்தும் பணம் கட்டாதவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். பொருளை விற்றதோடு வேலை முடிவதில்லை. முப்பது நாள், அறுபது நாள் தவணையில் கொடுத்த சரக்கின் பணம் வந்து சேர்ந்தால்தான் அது விற்பனை. இல்லாவிட்டால் அது வெறும் தானம்.

தொழிற்சாலைக்குள் போனதும் அவர் சந்திக்க வேண்டியவர்கள் மூவர். கொள்முதல் அதிகாரிக்கு விலை முக்கியம். ஸ்டோர் பொறுப்பாளருக்குப் பொருள் நேரத்தில் வருவது முக்கியம். பராமரிப்புத் தொழில்நுட்பருக்குப் பொருள் நீடித்து உழைப்பது முக்கியம். மூவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தாலும் மூவரின் கவலையும் வெவ்வேறு. கொள்முதல் அதிகாரியிடம் மட்டும் பேசிவிட்டு வருகிறவருக்கு விலையைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போகும். ஸ்டோருக்குள் நடந்து, எந்தப் பெட்டி காலியாக இருக்கிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்று பார்க்கிறவருக்கே உண்மையான தேவை தெரியும்.

சம்பளமும் தள்ளுபடியும்

இத்துறையில் அடிப்படைச் சம்பளம், அதன்மேல் கமிஷன் என்பதே வழக்கமான ஏற்பாடு. பல நிறுவனங்கள் கமிஷனை விற்பனைத் தொகையின் மேல் கணக்கிடுவதில்லை. இலாபத்தின் மேல் கணக்கிடுகின்றன. புதிதாகச் சேரும் இளையர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிறுவனத்துக்கு 70 வெள்ளி அடக்கமாகும் பொருளின் விலை 100 வெள்ளி. இலாபம் 30 வெள்ளி. வாடிக்கையாளர் கேட்டதும் விற்பனையாளர் 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்துவிடுகிறார். விலை 90 ஆகிறது. அடக்கம் மாறவில்லை. இலாபம் 20 வெள்ளியாகிறது. விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு. இலாபத்தில் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்கு. பழைய இலாபத்தைப் பார்க்க வேண்டுமானால் இனி ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். ‘விலையைக் குறைத்தால் வியாபாரம் பெருகும்’ என்று நம்பி இறங்குகிறவர், ஓடி ஓடி உழைத்தும் கமிஷன் ஏறாததைக் கண்டு மனம் தளர்ந்து வேலையை விட்டுவிடுகிறார்.

அப்படியென்றால் விலையைக் குறைக்காமல் வியாபாரம் செய்வது எப்படி? பொருளை அறிந்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

எண்கள் பேசும் மொழி

வாடிக்கையாளர் தொலைபேசியில், “6205 பேரிங் இருபது வேண்டும்” என்கிறார். கடைசி இரண்டு எண்களான 05ஐ ஐந்தால் பெருக்கினால் 25. அதாவது, பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். இவ்வளவு தெரிந்தால் போதுமா? போதாது. எண்ணுக்குப் பின்னால் 2இசட் என்று இருந்தால் இரு பக்கமும் உலோக மூடி. 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் அடைப்பு. சி3 என்று இருந்தால் உள்ளே வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி. ஓடும்போது சூடேறும் மோட்டார்களுக்கு இந்தக் கூடுதல் இடைவெளி தேவைப்படலாம். தூசியும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் மூடியில்லாத பேரிங்கை மாட்டினால் அது விரைவிலேயே கெட்டுவிடும். பழி பொருளின் மேல் விழும்; பிறகு விற்றவர் மேல் விழும்.

போல்ட்டும் அப்படித்தான். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், அது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் வகை. அதில் 80 விழுக்காடு, அதாவது 640 நியூட்டனைத் தாண்டினால் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். 4.6 என்று இருந்தால் தாங்கும் விசை 400 நியூட்டன்தான். இரண்டும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே நிறமாக இருக்கலாம். பலமோ பாதிக்குப் பாதி. துருப்பிடிக்காத எஃகில் ஏ2, ஏ4 என இரு வகைகள் அதிகம் புழங்குகின்றன. உப்புக் காற்று வீசும் கடலோரத் தொழிற்சாலைக்கு ஏ4தான் ஏற்றது. ‘துருப்பிடிக்காத எஃகு’ என்ற பெயரை மட்டும் நம்பி ஏ2வை அனுப்பினால், நாளடைவில் அதிலும் துருப்புள்ளிகள் தோன்றும்.

ஆகவே நல்ல விற்பனையாளர் ஆணை எடுக்கும் முன் கேள்வி கேட்பார். எந்த இயந்திரத்துக்கு? எவ்வளவு சூடு? தண்ணீரோ ரசாயனமோ படுமா? போன முறை எத்தனை நாள் உழைத்தது? பழைய பாகம் கையில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளில் பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

கண்ணளவு கைகொடுக்காது

“பார்த்தால் அதே மாதிரிதானே இருக்கிறது” என்ற ஒரு சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு சம்பவம் உண்டு. 1990 ஜூன் 10ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்பக்கக் கண்ணாடி நடுவானில் பெயர்ந்து பறந்தது. தலைமை விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். சக ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தைத் தரையிறக்கினார். தலைமை விமானி உயிர் பிழைத்தார்.

விசாரணையில் தெரியவந்த காரணம் மிகச் சிறியது. புறப்படுவதற்குச் சற்று முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிணைத்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் தேவையானதைவிட 0.026 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக, சிறுத்திருந்தது. பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியவற்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஸ்டோர் பொறுப்பாளர் சரியான அளவின் எண்ணைச் சொல்லியிருந்தும் அது பின்பற்றப்படவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் கொடியது. 1989 செப்டம்பர் 8ஆம் தேதி ஓஸ்லோவிலிருந்து ஹேம்பர்க் சென்ற பார்ட்நேர் விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். வால் பகுதியைப் பிணைத்த பாகங்களில் தரம் குறைந்த போலிகள் இருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் போலி முத்திரை பொறித்த போல்ட்டுகள் பெரும் பிரச்சினையாகி, 1990இல் அதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. போலிப் பொருள் தானாக ஸ்டோருக்குள் நடந்து வருவதில்லை. யாரோ ஒருவர் விற்கிறார். யாரோ ஒருவர் விலை குறைவு என்று வாங்குகிறார்.

“வேண்டாம்” என்று சொல்லும் துணிவு

விமானத்தோடு நின்றுவிடும் கதையல்ல இது. ஸ்டோர் பொறுப்பாளர் ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “தம்பி, பெயிண்ட் அடிக்கிற பிரிவுக்கு மாஸ்க் வேணும். உள்ளதிலேயே விலை குறைஞ்சதா பத்துப் பெட்டி அனுப்பிடு.”

உடனே ஆணையை எழுதிக்கொள்ளலாம். மாத இலக்கில் கொஞ்சம் ஏறும். ஆனால் வேலை தெரிந்தவர் வேறு மாதிரி பேசுவார்: “அனுப்புறேன் அண்ணே. தின்னர் கலந்துதானே அடிக்கிறாங்க? அப்படின்னா இந்தத் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. நாளைக்கு ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்றேன்.”

எல்லாரும் அறிந்த என்95 முகக்கவசம்கூட நுண்துகள்களை வடிகட்டவே செய்யப்பட்டது. கரைப்பான் ஆவியை அது தடுக்காது. அதற்கு ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். சில வகைப் பெயிண்ட்டுகளுக்கு அதுவும் போதாது. பாதுகாப்பு அதிகாரியைக் கலந்து பேச வேண்டும். கையுறையிலும் இதே கதைதான். எண்ணெய் புழங்கும் இடத்தில் இயற்கை ரப்பர் கையுறை ஊறிப் பருத்துவிடும், நைட்ரைல் தாங்கும். சுழலும் துளையிடும் இயந்திரத்தின் அருகிலோ கையுறையே ஆபத்து. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். அங்கே கையுறை விற்காமல் இருப்பதுதான் நல்ல விற்பனை.

இதில் சட்டமும் சம்பந்தப்படுகிறது. சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் முதலாளிக்கு மட்டும் கடமை விதிக்கவில்லை. சாதனங்களையும் அபாயகரமான பொருள்களையும் வழங்குபவர்களுக்கும் பாதுகாப்புக் கடமைகளை விதிக்கின்றன. மலேசியாவில் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. ‘கேட்டார்கள், கொடுத்தேன்’ என்பது எப்போதும் தப்பிக்கும் வழியாகாது.

உறையும் உறவும்

இத்துறையில் இன்னொரு சோதனையும் உண்டு. பண்டிகைக் காலப் பரிசுக்கூடையில் தொடங்கி, “எனக்கு என்ன கிடைக்கும்?” என்ற கேள்வியில் வந்து நிற்கும். ‘ஊரே செய்கிறது’ என்று இளம் விற்பனையாளர் நினைக்கக்கூடும். தனியார் நிறுவனங்களுக்கு இடையில்தானே, இதில் லஞ்சம் எங்கே வந்தது என்றும் கேட்கக்கூடும்.

இரு நாட்டுச் சட்டங்களும் தனியார் துறைக்கும் பொருந்தும். சிங்கப்பூரின் 1960ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் 100,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மலேசியாவில் 2020 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த 17ஏ பிரிவின்படி, ஊழியர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் ஏற நேரிடும். அபராதம் லஞ்சத் தொகையைப் போல் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அது. இருபதாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. உறை கொடுத்துப் பிடித்த வாடிக்கையாளர், அதைவிடக் கனமான உறை வந்ததும் போய்விடுவார் என்பது வியாபார அனுபவம். பொருளறிவால் வந்தவர் அவ்வளவு எளிதில் போவதில்லை.

இயந்திரம் வேலையைப் பறித்துவிடுமா?

1967இல் அமெரிக்காவின் வினோனா என்ற சிறு நகரில் பாப் கெர்லின் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து ஃபாஸ்டனல் நிறுவனத்தைத் தொடங்கினார். போல்ட், நட்டுகளைத் தானியங்கி இயந்திரத்தில் போட்டு விற்பது அவருடைய முதல் யோசனை. அது அப்போது சரிப்படவில்லை. எல்லாப் பொருளும் இயந்திரத்துக்குள் அடங்கவில்லை. வாடிக்கையாளரின் கேள்விக்கு இயந்திரத்திடம் பதிலும் இல்லை. கடையைத் திறந்து ஆள் வைத்து விற்றார்கள். சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே யோசனை திரும்பி வந்தது. இன்று அந்நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தானியங்கிச் சாதனங்கள் தொழிற்சாலைகளுக்குள் நிற்கின்றன. ஊழியர் தம் அட்டையைக் காட்டினால் கையுறையோ பிட்டோ வந்து விழும். யார் எதை எத்தனை எடுத்தார் என்ற கணக்கு உடனே பதிவாகிவிடும். குறைந்ததை நிறுவனமே வந்து நிரப்பிவிடும்.

இணையமும் கைத்தொலைபேசியும் இருக்கும்போது, ‘போன மாதம் வாங்கியதையே இந்த மாதமும் அனுப்பு’ என்ற ஆணையை எழுதிக்கொள்ள ஒரு மனிதர் காரில் வர வேண்டியதில்லை. வெறும் ஆணை எழுதிக்கொள்ளும் விற்பனையாளரின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் தானியங்கிக்குள் எந்தக் கையுறையை வைப்பது என்று முடிவு செய்ய, அது பயன்படும் இடத்துக்கு ஒருவர் போய்ப் பார்த்தாக வேண்டும். ஒரே பேரிங் ஆண்டுக்கு ஆறு முறை மாற்றப்படுகிறது என்று கணினி காட்டும். தண்டு கோணலாக இருப்பதைப் போய்ப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

யாருக்கு ஏற்ற வேலை?

தொழிற்கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இயந்திரம், மின்சாரம் படித்தவர்களுக்கும், பட்டறையில் சில ஆண்டு கைவேலை பார்த்தவர்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. ஆண், பெண் வேறுபாடில்லை. தமிழோடு மலாயும் ஆங்கிலமும் பேசுகிறவருக்குப் பட்டறை ஊழியர் முதல் மேலாளர் வரை எல்லாரிடமும் கதவு திறக்கும். நாலு வார்த்தை மாண்டரின் தெரிந்தால் இன்னும் நல்லது. மலேசியாவில் காரோட்டும் உரிமம் பெரும்பாலும் கட்டாயத் தேவை.

சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கமிஷன் விற்பனைத் தொகையின் மேலா, இலாபத்தின் மேலா? வாடிக்கையாளர் பணம் கட்டத் தவறினால் கமிஷன் பிடிக்கப்படுமா? பெட்ரோல் செலவு யாருடையது? பொருள்களைப் பற்றிய பயிற்சி எத்தனை வாரம்? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத நிறுவனத்தை இளையர்கள் இரண்டு முறை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் வாடிக்கையாளர் பட்டியல் சிறியதாகவும் கமிஷன் சொற்பமாகவும் இருக்கும். அடிப்படைச் சம்பளத்திலேயே குடும்பம் நடத்தும் திட்டம் இருக்க வேண்டும். பெற்றோரும் அந்தக் காலத்தில் அவசரப்படாமல் துணை நிற்க வேண்டும். தினமும் ஒரு பொருளைப் பற்றிப் படித்து, வாரம் ஒரு பழுதான பாகத்தைக் கையில் வாங்கி அது ஏன் பழுதானது என்று தொழில்நுட்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற இளையர், மெல்ல மெல்லத் தொழிற்சாலைக்காரர்கள் நம்பிக் கூப்பிடும் ஆளாகிவிடுவார். விலைக் குறிப்பை யார் வேண்டுமானாலும் மின்னஞ்சலில் அனுப்பலாம். இயந்திரம் நின்ற நேரத்தில் யாரை அழைப்பது என்று வாடிக்கையாளர் யோசிக்கும்போது, முதலில் நினைவுக்கு வரும் பெயராக இருப்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான முதலீடு.